பறிக்கு இன்னொரு வாசல்

நமுனுகுல மலையில் பெய்யும் மழை ஒரே வழியில் கடலுக்குப் போவதில்லை. பதுளைப் பக்கம் இறங்குகிற நீர் பதுளு ஓயாவாகி, துன்ஹிந்தையில் 64 மீட்டர் விழுந்து, மகாவலியோடு கலந்து திருகோணமலைக் கடலுக்குப் போகிறது. தெற்கே இறங்குவது மாணிக்க கங்கை. கதிர்காமத்துக்கு நடந்துபோகும் அடியார்கள் முழுகி எழும் அந்த ஆறு, யால காட்டைக் கடந்து தென்கடலைத் தொடுகிறது. கடற்கரையே இல்லாத ஊவா மாகாணத்துக்கும் கடலுக்கும் இந்த ஆறுகள்தான் உறவு. நீர் இறங்கிப் போகிற இவ்வழிகளில் அடிவாரத்திலிருந்து மேல்நோக்கி ஏறி வருகிற ஓர் உயிர் உண்டு: விலாங்கு.

இலங்கை ஆறுகளில் இரண்டு வகை விலாங்கு காணப்படுகிறது. ஒன்று சிறியது, மேனியில் புள்ளி இல்லாதது, பெரும்பாலும் கடலோரச் சமவெளியோடு நின்றுவிடும். மற்றது பெரியது, மஞ்சளும் கறுப்புமாக மேகம் படர்ந்த உடம்பு, ஒரு மீட்டருக்கு மேலும் வளரும். மலையேறி வருவது இந்தப் பெரியதுதான். இரண்டுமே பிறப்பது இந்து சமுத்திரத்தின் ஆழத்தில். முட்டையிலிருந்து வெளிவரும்போது அவை விலாங்கு போலவே இருக்காது. கண்ணாடி போல ஊடுதெரியும் ஒரு சிறு இலையாக நீரோட்டத்தில் மிதந்து வந்து, கரையை நெருங்கும்போதுதான் நூல் போன்ற குஞ்சாக மாறி ஆற்றுக்குள் நுழைகிறது. ஈரம் இருந்தால் போதும், பாறையிலும் ஒட்டி ஏறும். பிறகு வருடக்கணக்காக ஆற்றிலேயே வளர்ந்து, ஒருநாள் கண் பெரிதாகி, வயிறு வெள்ளியாகி, தின்பதை நிறுத்திவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறது. அங்கே ஒரே ஒரு தடவை முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகிறது. இந்த இனக்குடும்பம் தன் பிறப்பிடத்தை எவ்வளவு கவனமாக மறைத்து வைத்திருக்கிறது என்றால், ஜப்பானிய விலாங்கின் முட்டையைத் திறந்த கடலில் முதன்முதலாக மனிதர் கையில் எடுத்ததே 2009இல்தான், மரியானா தீவுகளுக்கு மேற்கே.

இதில் மீன்பிடிக்கிறவர் மனதில் வைத்திருக்க வேண்டியது ஒன்றுதான். ஆற்றில் பிடிபடும் விலாங்கு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அது இன்னும் ஒரு தடவைகூட முட்டையிடாதது. விராலிலோ திலாப்பியாவிலோ பெரியதைப் பிடித்தால், அது ஏற்கெனவே குஞ்சு பொரித்திருக்கும் என்று ஆறுதல் கொள்ளலாம். விலாங்கில் அந்த ஆறுதலுக்கு இடமில்லை.

விலாங்கைப் பிடிக்கத் தோதான கருவி பறி. சிங்களத்தில் கெமன என்பார்கள். மூங்கிலைப் பிளந்து, விரல் கனத்துக்குச் சீவி, வளையங்களில் வைத்துக் கொடியால் இறுக்கிப் பின்னிய நீண்ட கூடை அது. ஒரு முனை ஒடுங்கியிருக்கும், அதை இலையையோ தேங்காய் மட்டையையோ திணித்து அடைப்பார்கள், பிடிபட்டதைக் கொட்டுவதும் அந்த வழியாகத்தான். மறு முனையில்தான் சூட்சுமம். அங்கே ஒரு சிறு கூம்பு உள்நோக்கிப் பொருத்தப்பட்டிருக்கும். அந்தக் கூம்பின் குச்சிகள் நுனியில் கட்டப்படாமல் விடப்பட்டவை, சீவிச் சீவி நாணல் போல வளையக்கூடியவை. வெளியிலிருந்து முட்டும் மீனுக்கு அவை விலகிக் கொடுக்கும். உள்ளே போனதும் மறுபடி சேர்ந்துகொள்ளும். உள்ளிருந்து வெளியேற நினைக்கும் மீனோ சுவரைத் தடவிக்கொண்டே சுற்றுகிறது. வாசல் சுவரில் இல்லை, நடுவெளியில் ஒரு சின்னப் புள்ளியாக நீட்டிக்கொண்டிருக்கிறது. சோடாப் போத்தலின் தலையை வெட்டித் தலைகீழாகச் செருகிப் பிள்ளைகள் ஓடையில் வைக்கிற பொறியும் இதே வடிவியல்தான். அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் சிங்கி இறாலுக்கு இறக்கும் கம்பிக் கூடும் இதே வடிவியல்தான்.

இரை வைத்ததும் கூடு பேச ஆரம்பிக்கிறது. மண்புழுவோ கோழிக்குடலோ கரைந்து, நீரோட்டத்தோடு கீழ்நோக்கி ஒரு மணக்கோடாக நீள்கிறது. விலாங்கின் மோப்பம் உயிருலகில் மிகக் கூர்மையானவற்றுள் ஒன்று. இரவில் அந்தக் கோட்டைப் பிடித்து மேலேறி வரும். அதோடு இடுக்குகளில் உடம்பு உரசப் படுத்திருப்பது அதன் இயல்பு என்பதால், இருட்டான மூங்கில் குழாய் அதற்குப் பொறியாகத் தெரிவதில்லை, புகலிடமாகத் தெரிகிறது.

உள்ளே போனது எல்லாம் பிடிபட்டதாகிவிடுமா? இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்தான் மீன்கூடு பற்றிய அறிவியலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் கடலில் ஆய்வாளர்கள் ஒரு சிங்கி இறால் கூட்டின் மேல் வீடியோ கமரா பொருத்தி இரவும் பகலும் பார்த்தார்கள். 2001இல் வெளியான முடிவு மீனவர்களையே வியக்கவைத்தது. கூட்டுக்குள் நுழைந்தவற்றில் 94 சதவீதம் வெளியே போய்விட்டன. மேலே இழுக்கும்போது உள்ளே இருந்தவை 6 சதவீதம் மட்டுமே. தப்பியவற்றில் 72 சதவீதம் வந்த வாசல் வழியாகவே போயின, 28 சதவீதம் சிறிய இறால்களுக்காக விடப்பட்ட தப்பும் துளை வழியாகப் போயின. கூட்டைச் சுற்றி நடந்த சச்சரவும் படமானது. உள்ளே போன ஒன்று இரையைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டுகிறது. தேயிலைத் தோட்ட லயத்துத் தண்ணீர்ப் பீலியில் ஒருவர் குடத்தை வைத்துக்கொண்டு நகராமல் நின்றால் பின்னால் நிற்பவர்கள் திரும்பிப் போவார்களே, அப்படி.

ஆக, கூடு என்பது பூட்டிய சிறை இல்லை. ஆட்கள் வந்துபோகிற, கொஞ்சம் ஒழுகுகிற ஓர் இடம். நல்லபடி கையாண்டால் இதைவிட இரக்கமான மீன்பிடிக் கருவி குறைவு. செவுள் வலையில் சிக்கிய மீன் மூச்சுத் திணறிச் சாகிறது, இழுவை மடி கடலடியையே உழுகிறது. கூட்டில் இருப்பது உயிரோடு இருக்கிறது. சிறியதை, முட்டை சுமப்பதை, வேண்டாத இனத்தைத் திரும்ப நீரில் விட்டுவிடலாம். நான் கூட்டு மீன்பிடிக்கு எதிரி இல்லை. அந்த நல்ல குணங்கள் எல்லாம் எங்கிருந்து வந்தன, இப்போது எங்கே போய்க்கொண்டிருக்கின்றன என்பதுதான் என் கவலை.

மூங்கில் பறிக்கு எழுதப்பட்ட சட்டம் எதுவும் தேவைப்படவில்லை, அதன் உடம்பே சட்டமாக இருந்தது. ஒன்றைப் பின்ன இரண்டு மூன்று நாள் உழைக்க வேண்டும். அதனால் ஒருவரிடம் நாலைந்துக்கு மேல் இருக்காது. குச்சிகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி இருந்ததால் குஞ்சும் பொடியும் ஓடிவிடும். வைத்தவர் அந்த ஓடைக்குப் பக்கத்திலேயே குடியிருப்பவர், விடிந்ததும் போய்ப் பார்ப்பார். வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனாலும் சீக்கிரமே கொடி இற்று, கூடு பிரிந்துவிடும். கன்னியாகுமரி மாவட்டத்துக் குளச்சலில் சிங்கி இறாலுக்காகப் பனை மட்டையிலும் நாரிலும் கட்டிய கூடுகளும், கீழக்கரைப் பக்கம் பவளப்பார் மீன்களுக்காக உடை மரக் குச்சியில் முடைந்த கூடுகளும் இதே ஒழுங்குக்குள்தான் இருந்தன.

இப்போது கடையில் மடக்குக் கூடு கிடைக்கிறது. குடை மாதிரி விரித்தால் ஆறு பக்கமும் வாசல், பச்சை நைலோன் வலை, உள்ளே கம்பிச் சட்டம். உழைப்பு வேண்டாம், காசு கொடுத்தால் பத்து வாங்கலாம். வலைக்கண் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது, எதுவும் தப்பாது. நைலோன் இற்றுப்போக பல வருடம் ஆகும். விடுமுறைக்கு வருகிறவர் வைத்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிடலாம். மூங்கில் போட்டிருந்த நாலு வேலிகளும் ஒரே பொருளால் விழுந்துவிட்டன. உலகில் மீன்கூடுகளுக்காக எழுதப்பட்டிருக்கும் விதிகள் எல்லாம், விழுந்த அந்த வேலிகளை ஒவ்வொன்றாக எழுத்தில் திரும்ப நிறுத்தும் முயற்சிதான். அப்படிப் படித்தால்தான் அவை புரியும்.

எண்ணிக்கையிலிருந்து தொடங்கலாம். அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் சிங்கி இறால் தொழில் செய்கிறவருக்கு அதிகபட்சம் 800 கூடு. வீட்டுத் தேவைக்கும் பொழுதுபோக்குக்கும் பிடிப்பவருக்கு 5. மேற்கு அவுஸ்திரேலியாவில் பொழுதுபோக்காளருக்கு ஆளுக்கு 2 கூடுதான். அங்கே தொழில் படகுகளுக்கும் கூடுகளுக்கும் 1963லேயே வரம்பு கட்டிவிட்டார்கள். 800 எங்கே, 5 எங்கே என்று ஏழைக்கும் பணக்காரருக்கும் நடுவே பாரபட்சம் காட்டுவதாகத் தோன்றலாம். ஆனால் 800 கூடு வைத்திருப்பவருக்கு அதுதான் சோறு, அவர் அடிக்கடி இழுத்துப் பார்க்கிறார், உரிமம் போனால் குடும்பம் நடுத்தெருவில் நிற்கும். ஐந்து கூடு வைப்பவர்கள் பலர், அவர்கள் பிடிப்பதைக் கணக்கெடுப்பது கடினம். பொழுதுபோக்கு மீன்பிடி சிறியது என்பதால் தீங்கில்லாதது என்று நினைப்பதுதான் ஒழுங்குமுறைகளில் வழக்கமாக விழும் ஓட்டை.

அவுஸ்திரேலியாவே இதற்கு வலிக்கிற உதாரணம் தந்தது. அங்கே ஆற்று இறால் பிடிக்க, சிட்னி ஒபரா மண்டபத்தின் கூரை போல் இருப்பதால் அந்தப் பெயரே வாங்கிய மலிவான மடக்குக் கூடுகளைப் பொழுதுபோக்காளர்கள் பல்லாண்டுகளாகப் பயன்படுத்தினார்கள். இரையைத் தேடிப் போன பிளாட்டிபஸ்களும் நீர் எலிகளும் ஆமைகளும் அவற்றுக்குள் சிக்கி மூழ்கிச் செத்தன. பிளாட்டிபஸ் நுரையீரலால் மூச்சுவிடும் பிராணி, சில நிமிடங்களுக்கு ஒரு தடவை மேலே வந்தாக வேண்டும். விக்டோரியா மாநிலம் 2019இல் அந்தக் கூடுகளைத் தடை செய்தது, நியூ சவுத் வேல்ஸ் 2021இல். இரண்டு இடத்திலும் தடைக்கு உள்ளானது பெரும் தொழில் கப்பல் எதுவும் இல்லை. விடுமுறை நாளில் ஆற்றங்கரைக்குப் போகிறவர் கையில் கொண்டுபோன கூடு.

ஊவாவில் பிளாட்டிபஸ் இல்லை, நீர்நாய் இருக்கிறது. இலங்கையில் உள்ள ஒரே நீர்நாய் இனம், ஐரோப்பாவிலிருந்து ஆசியா வரை பரவிய அதே இனம்தான். மலையோடைகளில் நண்டையும் மீனையும் தின்று வாழ்கிறது. பகலில் கண்ணில் படுவது அபூர்வம், பாறைமேல் கிடக்கும் நண்டு ஓடு நிறைந்த எச்சம்தான் அது இருப்பதற்குச் சாட்சி. கூட்டில் துடிக்கும் விலாங்கைவிடக் கவர்ச்சியான இரை அதற்கு இருக்க முடியாது. இங்கிலாந்தில் இதே நீர்நாயைக் காப்பாற்ற, நன்னீர் இறால் பொறியின் வாய் 95 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். ஓர் உலோக வளையம், அவ்வளவுதான். விலாங்கு நுழையும், நீர்நாய் நுழையாது. மேற்கு அவுஸ்திரேலியாவில் கடற்சிங்கக் குட்டிகள் தலையை விட்டுச் சாவதைத் தடுக்க, கூட்டின் வாய்க்கு நடுவே ஒரு கம்பியை நிறுத்தினார்கள். அதுவும் அத்தனை எளிது. மடக்குக் கூட்டின் ஒரு முனையை நீர்மட்டத்துக்கு மேலே தூக்கிக் கட்டினால்கூட ஆமை மூச்செடுக்கும்.

தப்பும் துளையும் இதே அளவு எளிய யோசனை. கூட்டின் பக்கச் சுவரில் ஒரு சட்டம், குறித்த அளவில் ஓர் இடைவெளி. பிடிக்கத் தகுந்த அளவுக்கு வளராதது அந்த வழியாக நடந்து போய்விடும். மெயின் மாநிலத்தில் சிங்கி இறாலின் தலை ஓடு 83 மில்லிமீட்டருக்குக் குறைந்தாலும் பிடிக்கக் கூடாது, 127 மில்லிமீட்டரைத் தாண்டினாலும் பிடிக்கக் கூடாது. மிகப் பெரியவை மிக அதிகம் முட்டையிடுபவை. முட்டை சுமக்கும் தாய் கிடைத்தால் வால் செதிலில் சிறு வெட்டுப் போட்டு விடுவார்கள். அடுத்த வருடம் முட்டையில்லாமல் வேறொருவர் கூட்டில் அது வந்தாலும், அந்த வெட்டைப் பார்த்து அவரும் விட்டுவிட வேண்டும். ஒரு மீனவர் இன்னொரு மீனவருக்கு இறாலின் மேலேயே எழுதி அனுப்பும் கடிதம் அது. இந்தியாவில் 2003இல் மத்திய வர்த்தக அமைச்சு ஏற்றுமதிக்கு எடை வரம்பு வைத்தது. பாறைச் சிங்கி இறாலில் ஓர் இனத்துக்கு 200 கிராம், சேற்றுச் சிங்கி இறாலுக்கு 300 கிராம் என்று இனவாரியாக. நல்ல விதிதான். ஆனால் அது துறைமுகத்தில் தராசில் வைக்கும்போது பேசுகிறது. அதற்குள் இறால் செத்திருக்கும். துளையோ கடலுக்கடியிலேயே, உயிரோடு இருக்கும்போதே பேசுகிறது.

எல்லாவற்றையும்விட என்னை யோசிக்கவைப்பது தொலைந்த கூடு. கயிறு அறுந்து அடியில் கிடக்கும் நைலோன் கூட்டுக்கு உரிமையாளர் இல்லை, ஆனால் வேலை நிற்பதில்லை. இரை தீர்ந்த பிறகும் புகலிடம் தேடி ஏதோ ஒன்று நுழைகிறது, செத்துப்போகிறது, அதன் அழுகல் அடுத்ததற்கு இரையாகிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், செசபீக் விரிகுடாவில் 2008இலிருந்து ஆறு குளிர்காலம், தொழில் இல்லாத நாட்களில் நண்டு மீனவர்களையே கூலிக்கு அமர்த்தி, ஒலியலைக் கருவியால் அடித்தளத்தைத் துழாவி 34,408 கூடுகளை மேலே இழுத்தார்கள். 2016இல் வெளியான கணக்கின்படி, அதனால் அந்தக் காலத்தின் நண்டுப் பிடிப்பு 27 சதவீதம் கூடியது, பெறுமதி 213 இலட்சம் டொலர். சாகாமல் மிஞ்சிய நண்டுகள் மட்டும் இதற்குக் காரணமில்லை. அடியில் கிடக்கும் அனாதைக் கூடு, பக்கத்தில் இரை வைத்திருக்கும் மீனவரின் கூட்டோடு போட்டி போட்டு நண்டுகளை இழுத்துக்கொண்டிருந்தது.

இதற்கு மருந்து பருத்தி நூல். அலாஸ்காவில் நண்டுக் கூட்டின் சுவரில் 18 அங்குல நீளத்தில் ஒரு திறப்பு வெட்டி, மெழுகோ தாரோ பூசாத பருத்தி நூலால் மட்டுமே தைக்க வேண்டும் என்பது சட்டம். கூடு கையில் இருக்கும்வரை மீனவர் நூலை மாற்றிக்கொண்டே இருப்பார். தொலைந்துவிட்டால் நூல் இற்றுத் திறப்பு விழும், உள்ளிருப்பவை போய்விடும். நமது கொடிக்கயிறு இயல்பாகச் செய்த வேலையை அங்கே ஒரு சட்டப் பிரிவு செய்கிறது.

இலங்கையில் எங்கே நிற்கிறோம்? 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டம் நஞ்சையும் வெடியையும் தடை செய்திருக்கிறது. தென்கடலின் சிங்கி இறாலுக்கு பெப்ரவரி, செப்டெம்பர், ஒக்டோபர் ஆகிய மூன்று மாதம் பிடி தடை, முட்டை சுமப்பதை எந்த மாதத்திலும் தொடக் கூடாது. குளங்களில் 8.5 சென்டிமீட்டருக்குக் குறைந்த கண்ணுள்ள செவுள் வலை கூடாது. சொரபொர, உல்ஹிட்டிய, ஹந்தபானாகல போன்ற ஊவாவின் குளங்களில் தொழில் என்பது பெரும்பாலும் திலாப்பியா, திலாப்பியா என்றால் செவுள் வலை. ஆகவே உள்நாட்டு விதிகளின் கவனம் வலைக்கண்ணின் மேல் குவிந்தது இயற்கையே. மலையோடையும் கூடும் அந்தக் கவனத்தின் ஓரத்தில்தான் இருக்கின்றன.

விதி எழுதிவிட்டால் போதுமா என்பதற்கு இந்தக் குளங்களே ஒரு பாடம் வைத்திருக்கின்றன. 1990இல் அரசாங்கம் உள்நாட்டு மீன்பிடிக்குக் கொடுத்துவந்த ஆதரவை நிறுத்தியது, 1994இல்தான் திரும்பக் கொடுத்தது. பார்ப்பாரில்லாத அந்த இடைக்காலத்தில் பல குளங்களில் சிறுகண் வலை பெருகியது. மீனவர் சங்கம் உறுதியாக இருந்த குளங்கள் தாக்குப்பிடித்தன. 1998இல் சட்டம் இயற்றி அமைத்த தேசிய நீர்வாழ் உயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகாரசபை, சங்கங்களோடு சேர்ந்தே குளங்களை நிர்வகிக்க முயல்வதற்குக் காரணமும் அதுதான். ஆனால் தோட்டத்து ஓடைக்குச் சங்கம் கிடையாது. வைத்தவர் யாரென்று கூட்டைப் பார்த்தால் தெரியாது. பெயரும் இலக்கமும் எழுதிய ஒரு தகடு கூட்டில் தொங்க வேண்டும் என்று பிற நாடுகள் வலியுறுத்துவது அதற்காகத்தான். கூட்டுக்கு ஒரு முகவரி கிடைத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

இன்னொரு விதி மிகப் பழையது. 1215இல் இங்கிலாந்து மன்னர் முத்திரையிட்ட மக்னா கார்ட்டாவின் 33ஆவது பிரிவு, தேம்ஸ், மெட்வே ஆறுகளிலிருந்தும் நாடு முழுவதிலிருந்தும் மீன் தடுப்பு அணைகளை அகற்றச் சொல்கிறது, கடற்கரை மட்டும் விதிவிலக்கு. ஓடையின் அகலம் முழுவதையும் கல்லடுக்கி அடைத்து, நடுவில் ஒரு பறியை வைத்தால் அந்த இரவு அவ்வழி போகும் எதுவும் தப்பாது. பாதி அகலத்தை எப்போதும் திறந்து வைக்க வேண்டும் என்று சொல்ல பெரிய அறிவியல் தேவையில்லை. மாணிக்க கங்கையின் குறுக்கே வெஹெரகல அணை ஏற்கெனவே நிற்கிறது. கடலிலிருந்து ஏறி வரும் குஞ்சுகளுக்கு அது பெரிய தடை. அதையும் கடந்து மேலே வந்து சேர்ந்திருக்கும் விலாங்கு ஒவ்வொன்றும் அருமையானது.

விலாங்குக்கென்றே எழுதப்பட்ட விதிகளில் துணிச்சலானது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2007ஆம் ஆண்டுச் சட்டம். எத்தனை பிடிக்கலாம் என்று அது கேட்கவில்லை, எத்தனை கடலுக்குத் திரும்ப வேண்டும் என்று கேட்டது. மனிதர் கைபடாத காலத்தில் எவ்வளவு வெள்ளி விலாங்கு கடலுக்குப் போயிருக்குமோ அதில் குறைந்தது 40 சதவீத எடையாவது போக வேண்டும். நமது ஓடைகளுக்கு அப்படி ஒரு கணக்குப் போட வேண்டிய தரவுகளைச் சேர்க்க வருடங்கள் ஆகும். ஆனால் நாட்காட்டி இருக்கிறது. வெள்ளி விலாங்கு கடலுக்குக் கிளம்புவது இருட்டில், நீர் ஏறிக் கலங்கி ஓடும் இரவுகளில். ஊவா மலைகளில் ஒக்டோபர் முதல் ஜனவரி வரையிலான மழைதான் ஓடைகளை அப்படிப் பெருகவைக்கிறது. தென்கடலில் சிங்கி இறாலுக்கு மூன்று மாதம் ஒதுக்க முடிகிற நாடு, மலையோடையில் விலாங்குக்கும் அந்த மழை மாதங்களை ஒதுக்கலாம். எளிதாக இருக்கும் என்று சொல்லமாட்டேன். பறி நிறைவதும் அதே மாதங்களில்தான், கொழுந்து குறைந்து கைக்காசு சுருங்குகிற வீடுகளில் ஒரு நல்ல கறி வருவதும் அப்போதுதான். ஆகவே அந்த மாதங்களில் நைலோன் மடக்குக் கூட்டை மட்டும் முதலில் ஓடையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பேன். மூங்கில் பறி வைப்பவர் விடிந்ததும் தன் பறியைப் பார்க்க வரும்போது, வயிறு வெள்ளியாகி கண் பெருத்த ஒன்று உள்ளே கிடந்தால், அதை மட்டும் கையிலெடுத்துத் திரும்ப விடும்படி அவரிடம் கேட்கலாம். வெள்ளியையும் மஞ்சளையும் பிரித்துப் பார்க்க அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.